வெளிநாட்டு ஆயுதக் குழுவில் சேர்ந்த குடிமகன்மீது வழக்குத் தொடுக்கும் முறை: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கக் குடிமகன் ஒருவர் நாட்டை விட்டுச் சென்று அயல்நாட்டு ஆயுதக் குழு ஒன்றில் சேர்ந்தால், அவரை நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கென்று ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. முக்கியமாக மூன்று சட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நிரூபிக்க வேண்டியது வேறு. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் சட்டம் பயிலும் நம் பிள்ளைகளுக்கும், வழக்கறிஞர் அலுவலகங்களில் பணிபுரிவோருக்கும், இந்த நெருக்கடி வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட குடும்பங்களுக்கும் பயன்பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். இத்தகைய வழக்கு போர்க்களத்திலிருந்து வரும் சான்றை மட்டும் நம்பி நிற்பது அரிது. புறப்படுவதற்கு முன் அவர் இங்கே விட்டுச்சென்ற தடயங்கள்தான் அதற்கு அடித்தளம்.

சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை பட்டியலிட்ட அமைப்பில் ஒருவர் சேர்ந்திருந்தாலோ, பயங்கரவாதச் செயலுக்காகப் பயிற்சி பெறுதல், ஆள் சேர்த்தல், பணம் திரட்டுதல் போன்றவற்றில் ஈடுபட்டிருந்தாலோ, 2004ஆம் ஆண்டின் 33ஆம் எண் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பொருந்தும். குண்டு எதுவும் வெடிக்காவிட்டாலும் இவை தனித்தனிக் குற்றங்களே. அச்சட்டத்தில் 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த செயலுக்குப் பழைய வாசகத்தின்படியே குற்றச்சாட்டை எழுத வேண்டும் என்பதால், செயல் நடந்த நாளை உறுதி செய்யாமல் குற்றப்பத்திரிகையில் கை வைக்கக்கூடாது.

பணத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ அயல்நாட்டுப் போரில் இறங்கியவருக்கு 1998ஆம் ஆண்டின் 15ஆம் எண் அயல்நாட்டு இராணுவ உதவி ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கூலிப்படைக் குற்றத்தை நிறுவ, அவர் போரில் நேரடியாகப் பங்கேற்றதையும் சொந்த ஆதாயத்துக்காகவே பங்கேற்றதையும் காட்ட வேண்டும். கொள்கைப் பிடிப்பால் சம்பளமின்றிச் சென்றவர்மீது அந்தப் பிரிவு ஒட்டாது. அரசின் அனுமதியின்றி இராணுவ உதவி அளித்தார் என்ற குற்றச்சாட்டே அவருக்குப் பொருந்தக்கூடும். இச்சட்டம் கிளர்ச்சிக் குழுக்களோடு நின்றுவிடுவதும் இல்லை. இஸ்ரேலியப் படையில் சேர்ந்து காசாவில் போரிடும் குடிமக்கள்மீதும் வழக்கு வரலாம் என்று நம் வெளியுறவுத் துறை 2023 டிசம்பரில் எச்சரித்தது. எக்வடோரியல் கினியில் ஆட்சியைக் கவிழ்க்க 2004இல் நடந்த முயற்சி தொடர்பாக, முன்னாள் பிரித்தானியப் பிரதமரின் மகன் மார்க் தாட்சர் 2005 சனவரியில் இச்சட்டத்தின்கீழ்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 30 இலட்சம் ராண்ட் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் பெற்றார்.

குடிமக்களைக் கொன்றது, சித்திரவதை செய்தது போன்ற போர்க்குற்றங்களுக்குச் சான்று இருந்தால், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தொடர்பான 2002ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டம் மூன்றாவது வழியாகும்.

வெளிநாட்டில் நடந்ததை இங்கே விசாரிக்க முடியுமா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்பியே தீரும். நைஜீரியாவில் 2010இல் நடந்த குண்டுவெடிப்புகளுக்காக, இங்கே வசித்துவந்த ஹென்றி ஒக்காவுக்கு ஜொகானஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2013இல் 24 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் எல்லை கடந்த அதிகாரத்தை விரிவாகப் பொருள்கொண்டு, 24 ஆண்டுகளையே மீண்டும் நிலைநிறுத்தியது. அதிகார வரம்பு பற்றி வாதிடுபவர் அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படித்துவிட்டுத்தான் நீதிமன்றம் ஏற வேண்டும். அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கத் தேசிய வழக்குத் தொடர்வு இயக்குநரின் எழுத்துவழி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கலாகாது; அதற்கான கோப்பை, புலனாய்வு செய்யும் காவல்துறையின் ஹாக்ஸ் பிரிவினரோடு சேர்ந்து முன்கூட்டியே தயாரிக்க வேண்டும்.

இனிச் சான்றுகள். பயணச்சீட்டை யார் வாங்கினார், எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது, புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் அவர் யாரோடு பேசினார் என்பவையே அவருடைய நோக்கத்தைக் காட்டும். வங்கிக் கணக்கு விவரமும் தொலைபேசி அழைப்புப் பட்டியலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி பெறத்தக்கவை. கைப்பேசியைக் கைப்பற்றும்போது மிகுந்த கவனம் தேவை. அதை முத்திரைப் பையில் இடும் அதிகாரி, பையின் எண்ணைத் தம் வாக்குமூலத்தில் எழுதுகிறார். கைப்பற்றிய பொருள்களைக் குறிக்கும், காவல் நிலையத்தின் எஸ்.ஏ.பி. 13 பதிவேட்டில் அதே எண் ஏறுகிறது. ஆய்வகத்தில் பையைத் திறப்பவரும் அதே எண்ணைக் குறிக்கிறார். இந்த மூன்று இடங்களில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், உள்ளே இருக்கும் வாட்ஸ்அப் உரையாடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குறுக்கு விசாரணையில் அதைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே வழக்கு டாக்கெட்டில் (காவல்துறைக் கோப்பில்) வாக்குமூலங்கள் உள்ள 'ஏ' பகுதியைத் திறந்ததும் இந்த எண்களைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும். அந்தப் பகுதியைப் பார்க்க எதிர்த்தரப்புக்கும் உரிமை உண்டு; அவர்களும் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆவணங்களுக்கு குற்ற வழக்குகளில் பன்னாட்டு ஒத்துழைப்புக்கான 1996ஆம் ஆண்டின் 75ஆம் எண் சட்டப்படி கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் வர நெடுநாள் ஆகும் என்பதால் கைதுக்காகக் காத்திராமல் அனுப்புவது நல்லது. சித்திரவதையில் பெறப்பட்ட வாக்குமூலம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதை வழக்கில் சேர்க்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

குடும்பங்களுக்கு ஒரு சொல். ஒருவர் இத்தகைய குற்றம் செய்தார் அல்லது செய்யப்போகிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் காவல்துறையிடம் சொல்லாமல் இருப்பது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். மகனைக் காட்டிக்கொடுப்பதா என்று சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாய் கலங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விமானம் ஏறுமுன் சொன்னால் பிள்ளை உயிரோடு மிஞ்சுவான். முதலில் வழக்கறிஞரைக் கலந்து, பிறகு புகாரைக் கொடுத்து, அதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை அயல்நாட்டுச் சிறையில் இருந்தால் அரசின் உதவியைக் கேளுங்கள்: அந்தக் கோரிக்கையை அரசு முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல், சிம்பாப்வேயில் பிடிபட்ட தென்னாப்பிரிக்கர்களின் வழக்கில் கூறியது. அரசு தலையிட்டே ஆக வேண்டும் என்று அது கூறவில்லை.

ஏமாந்து போனவரையும் ஏமாற்றியவரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. 2025 நவம்பரில், போர் நடக்கும் உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் சிக்கியிருந்த 17 தென்னாப்பிரிக்க இளைஞர்கள் உதவி கேட்டதாகக் குடியரசுத் தலைவர் அலுவலகம் அறிவித்தது. அவர்களில் 16 பேர் நம் குவாசூலு-நட்டாலைச் சேர்ந்தவர்கள். நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போய், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இளைஞனிடம் குற்ற நோக்கத்தைக் காண்பது எளிதன்று. அவனைக் கூண்டில் ஏற்றுவதைவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 204ஆம் பிரிவின்படி சாட்சியாக்கி, அவன் உண்மையை முழுமையாகச் சொன்னால் வழக்கிலிருந்து விடுபடலாம் என்று தெரிவித்து, ஆள் பிடித்தவரை நோக்கி வழக்கை நகர்த்துவதே தக்கது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனால் குற்ற ஒப்புதல் உடன்பாட்டையும் எண்ணிப் பார்க்கலாம். சிரியாவுக்குச் செல்ல முயன்றதாக 2016 சூலையில் கைதான ஜொகானஸ்பர்க் இரட்டைச் சகோதரர்களின் வழக்கு, 2022 பிப்ரவரியில்தான் அவ்வகையில் முடிந்தது; ஒருவருக்கு 11 ஆண்டு, மற்றவருக்கு 8 ஆண்டு. அதே நடைமுறைச் சட்டத்தின் 105ஏ பிரிவின்படி உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தாக வேண்டும். தண்டனை நியாயமானதன்று என்று நீதிபதி கருதினால், இரு தரப்பும் அதிலிருந்து விலகலாம்; அப்போது வேறொரு நீதிபதி முன் விசாரணை முதலிலிருந்து தொடங்கும். அங்கே பழைய உடன்பாட்டைப் பற்றிப் பேசவும் முடியாது, அதே நிகழ்வுகளுக்காக இன்னொரு உடன்பாடு செய்யவும் முடியாது.