சென்னை மழை வங்கக்கடலில் போய் விழுந்தால்: பைனரி கோப்பைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகை தினசரி மழைத் தரவு ஆண்டுக்கு ஒரு பைனரி கோப்பு, அதாவது எண்களை எழுத்தாக இல்லாமல் வெறும் பைட்டுகளாக வைத்திருக்கும் கோப்பு. மேற்கிலிருந்து கிழக்காக 135 புள்ளிகள், தெற்கிலிருந்து வடக்காக 129, ஒவ்வொன்றும் 4 பைட் ஃப்ளோட் (தசம எண்). இந்த விவரம் எதுவும் கோப்புக்குள் எழுதியிருக்காது. அதனால்தான் தப்பாகப் படித்தாலும் பல சமயம் பிழைச் செய்தி வருவதில்லை. எண்கள் வரும், வரைபடம்கூட வந்துவிடும்.

இடம் மிச்சம் பிடிக்க இதை ஜிசிப் செய்து (சுருக்கி) வைப்பவர்கள் முதலில் சறுக்குவது கோப்பின் பெயரை நம்பி. முதல் இரண்டு பைட்டைப் பாருங்கள்: 31, 139 என்றால் ஜிசிப், 80, 75 என்றால் ஜிப். வேறு எதுவானாலும், ஏற்கெனவே விரிந்த கோப்பாக இருக்கலாம்.

அடுத்தது பைத்தானில். ஜிசிப் வழியாகத் திறந்த கோப்பை நம்பையின் (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) ஃப்ரம்ஃபைலிடம் கொடுத்தால், அது அடியில் இருக்கும் அசல் கோப்புக்கே போய், விரிக்காத பைட்டுகளை ஃப்ளோட்டாக்கிக் கொடுத்துவிடும். முழுவதையும் ரீட் செய்து ஃப்ரம்பஃபரில் போடுவதே சரி. ஆர் (R) மொழியில் ஜிஇசட்ஃபைல் கொண்டு திறக்க வேண்டும்; ரீட்பின்னில் எண்ணிக்கையும் அளவு 4 என்பதும் சொல்லாவிட்டால், 8 பைட் எண் ஒன்றே ஒன்று வரும். மேட்லேப் தானாக விரிக்காது, முதலில் ஜிஅன்ஜிப். எஃப்ரீடில் எண் வகை தராவிட்டால் ஒவ்வொரு பைட்டும் தனி எண்ணாகிவிடும். ஃபோர்ட்ரானில் ஸ்ட்ரீம் முறையில் திறக்காமல் வழக்கமான அன்ஃபார்மேட்டட் வரிசைமுறையில் திறந்தால், முதல் 4 பைட்டைப் பதிவின் நீளம் என்று எடுத்துக்கொள்ளும்.

விரித்ததும் அளவைச் சரிபாருங்கள். ஒரு நாளுக்கு 69,660 பைட். 365 நாளுக்கு 2,54,25,900. லீப் ஆண்டுக்கு 2,54,95,560. ஒரு பைட் குறைந்தாலும் மேலே போகாதீர்கள்.

ஓர் எண்ணின் 4 பைட்டுகளை எந்த முனையிலிருந்து படிப்பது என்ற பைட் வரிசைக்கு நல்ல சோதனை முதல் எண்ணிலேயே இருக்கிறது. 6.5 வடக்கு, 66.5 கிழக்கு நடுக்கடல். அங்கே தரவு இல்லை என்பதற்கு -999 இருக்கும், பைட்டுகளாக 0, 192, 121, 196. அதற்குப் பதில் 1.77×10⁻³⁸ என்று வந்தால் வரிசை தலைகீழ். ஜாவாவின் ரீட்ஃப்ளோட் எப்போதும் இப்படித்தான் படிக்கும். இந்தத் தவறு ஆபத்தானது: வரைபடத்தில் அது பூஜ்யமாக, மழையே இல்லாத இடமாகத் தெரியும்.

அளவும் வரிசையும் சரியாக இருந்தும் கவிழ்வது அச்சுகளில். நம்பையில் வடிவம் 365, 129, 135. ஆரில் 135, 129, 365. நுங்கம்பாக்கத்துக்கு அருகில் உள்ள புள்ளி 13.0 வடக்கு, 80.25 கிழக்கு: பைத்தானில் நாள், 26, 55, ஆரில் 56, 27, நாள் (பைத்தான் 0-இலிருந்து எண்ணும், ஆர் 1-இலிருந்து). பைத்தானில் 129-ஐயும் 135-ஐயும் இடம் மாற்றி, 55, 26 என்று கேட்டுப் பாருங்கள். கிடைப்பது 19.5 வடக்கு, 91.75 கிழக்கு; வங்கக்கடல். அங்கே -999 வருவதால் இது மாட்டிக்கொள்ளும். நிலப்பகுதியில் போய் விழுந்திருந்தால் நம்பும்படியான மழையளவே வந்திருக்கும்.

சராசரி எடுப்பதற்கு முன் -999-ஐ நீக்குவதை மறக்க வேண்டாம். தேதியிலும் கவனம்: ஒரு நாளின் பதிவு அன்று காலை 8:30 வரையிலான 24 மணி நேர மழை. 2015 டிசம்பர் 1 சென்னைப் பெருமழையை டிசம்பர் 2-இன் பதிவில் தேடுங்கள். ஆரில் 336, பைத்தானில் 335.