தீவுக்குள் இருந்தே தொழில் பழகலாம்

நான் நெடுந்தீவு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. வள்ளத்து எஞ்சின் திருத்தித்தான் என் வீடு ஓடுகிறது. "அண்ணை, நாங்களும் ஏதாவது தொழில் பழகலாமோ?" என்று கேட்கிற, என்னைப் போல உடல் இயலாமை உள்ள பொடியளுக்கும் பிள்ளையளுக்கும் இதை எழுதுகிறேன்.

பொய்க்கால் போட்டவர்கள் முதலில் காலைச் சரிபார்க்க வேண்டும். நாளாக நாளாக மிச்சக் கால் மெலியும், அது உள்ளே போய் இருக்கிற பொய்க்காலின் கிண்ணம், அதாவது சொக்கெட், தொளதொளக்கும். மிச்சக் காலில் போடும் துணியுறைக்கு மேலே இன்னொன்றைப் போட்டுச் சமாளித்துக்கொண்டு பட்டறையில் நின்றால், பின்னேரத்துக்குள் தோல் உரிந்துவிடும். அந்த நோவோடு யாருக்கும் தொழில் மண்டையில் ஏறாது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தில் (பொய்க்கால் செய்து கொடுக்கும் இடம்) காட்டி, அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ் என்று ஒரு பகலே போய்விடும். அதனால் பெரியாஸ்பத்திரியில் மருத்துவ அறிக்கை எடுக்க இருந்தால், அதையும் அன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் பிரதேச செயலகம். சமூக சேவை உத்தியோகத்தர் வெளிக்கள வேலைக்குப் போயிருக்கக்கூடும். போனில் கேட்டுவிட்டுப் போங்கள். "ஏதாவது உதவி தாங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் மாதாந்தக் கொடுப்பனவுப் படிவத்தோடு கதை முடிந்துவிடும். அது உங்கள் உரிமை, நிரப்பிக் கொடுங்கள். ஆனால் எந்தத் தொழில், யாரிடம், எந்த ஊரில் பழக விருப்பம் என்று தனிக்கடிதமும் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளிக்கிட வேண்டாம்.

சமூக சேவைகள் திணைக்களத்துக்குச் சீதுவை போன்ற இடங்களில் விடுதியோடு பயிற்சி நிலையங்கள் உண்டு. போகக்கூடியவர்கள் தாராளமாகப் போகலாம். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நைட்டாவை (NAITA, தொழில் பயிலுநர் பயிற்சி தரும் அரச நிறுவனம்) கேளுங்கள். அவர்களின் முறையில் ஊர்ப் பட்டறைக்காரரிடமே பயிலுநராகச் சேர வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் ஆட்களுக்கு இதுதான் தோது. பழகும் இடத்திலேயே வாடிக்கையாளரும் பழகிவிடுவார்கள். ஏற்கனவே தொழில் தெரிந்தவர்கள் திறமையைச் செய்துகாட்டி என்.வி.கியூ (NVQ, தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம். தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988 முதல் இருக்கிறது. அதைக் காட்டி வேலை கேட்கத் தகைமைப் பத்திரம் கையில் வேண்டும்.

கடைசியாக, கருவிகளுக்கான விண்ணப்பம். 'சுயதொழில் உதவி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஸ்பனர் செட், பிளக் கழற்றி என்று பெயர் போட்டு, கடையில் கொட்டேசன் (விலை எழுதிய தாள்) எடுத்து இணையுங்கள். இருந்து வேலை செய்ய உயரமான ஸ்டூலையும், சக்கர நாற்காலிக்காரர் என்றால் பட்டறை வாசலுக்கு ஒரு சாய்தளத்தையும் அதே பட்டியலில் சேர்த்து எழுதுங்கள்.