காது கேட்கிறது, பேச்சு புரியவில்லை: செவித்திறன் குறைவோடு வாழ்வது எப்படி?

செவித்திறன் குறையத் தொடங்கிய பலர் முதலில் சொல்வது, "எனக்குக் காது கேட்கவில்லை" என்பதல்ல. "இப்போதெல்லாம் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்பதுதான். இதை வீம்பு என்று வீட்டார் எண்ணிவிடக் கூடாது. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதுமையும் இரைச்சலும் பெரும்பாலும் முதலில் சிதைப்பது, உயர்ந்த சுருதியை உணரும் செல்களை. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் உரத்து ஒலிப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ச, த, க போன்ற மெய்களை அடையாளம் காட்டும் மெல்லிய உயரொலிகள் நழுவிவிடுகின்றன. எனவே ஒருவர் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் அவர் சொன்னது கட்டா, தட்டா, பட்டா என்பது தெரிவதில்லை.

இந்த நிலையை உணர்ந்தவுடன் செய்ய வேண்டியது, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது. குறும்பி அடைத்திருப்பது, நடுக்காதில் நீர் கோத்திருப்பது, செவிப்பறையில் துளை விழுந்திருப்பது ஆகியவை ஒலி உள்ளே செல்லும் வழியில் ஏற்படும் தடைகள்; இவற்றில் பல மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரியாகக் கூடியவை. ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ மந்தமாகிவிட்டால், சளி அடைப்பாக இருக்கும் என்று காத்திருக்கவே கூடாது. உட்காதைப் பாதிக்கும் இத்தகைய திடீர் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மீளும் வாய்ப்பு உண்டு. இரண்டு வாரங்கள் கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்தது, செவித்திறனை அளந்து வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம் பரிசோதனை. அந்த வரைபடத்தில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதியும், மேலிருந்து கீழாக ஒலியின் உரப்பு டெசிபல் அளவிலும் குறிக்கப்பட்டிருக்கும். சிவப்பு வட்டம் வலக் காதையும் நீலப் பெருக்கல் குறி இடக் காதையும் காட்டும். கோடு கீழே இறங்க இறங்க, அந்தச் சுருதியில் கேட்பதற்கு அவ்வளவு உரத்த ஒலி தேவைப்படுகிறது என்று பொருள். 20 டெசிபலுக்குள் கேட்பதை உலக சுகாதார நிறுவனம் இயல்பானதாகக் கொள்கிறது. "எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது?" என்று கேட்பதைவிட, "எந்தச் சுருதிகளில் குறைந்திருக்கிறது, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

செவித்துணைக் கருவியைப் பற்றிப் பலர் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பு, அது மூக்குக்கண்ணாடியைப் போல அணிந்த நொடியில் எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடும் என்பது. அப்படி நடப்பதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்காதிருந்த ஒலிகளை மூளை மீண்டும் பழக வேண்டியிருப்பதால், முதல் நாட்களில் காகிதம் சரசரப்பதும் குழாயில் நீர் விழுவதும் பேச்சைவிடப் பெரிதாகத் தோன்றும். சொந்தக் குரலே அந்நியமாக ஒலிக்கும். அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது, நாளுக்குச் சில மணி நேரம் அணிந்து தொடங்கி, படிப்படியாக நாள் முழுவதும் அணியும் நிலைக்கு வர வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் எங்கே கேட்டது, எங்கே கேட்கவில்லை, எந்த ஒலி எரிச்சலூட்டியது என்பதைக் குறித்து வைத்து, செவித்திறன் நிபுணரிடம் மீண்டும் சென்று கருவியின் அளவுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். அளவு திருத்தாததால் இழுப்பறைக்குள் போய்ச் சேரும் கருவிகளை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். கருவி கீச்சிட்டால், காதில் பொருந்தாமல் இருக்கலாம் அல்லது குறும்பி அடைத்திருக்கலாம். காற்றுப்பட்டு இயங்கும் துத்தநாக-காற்று பேட்டரியாக இருந்தால், மேலுள்ள ஒட்டுத்தாளைப் பிரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பின்பே பொருத்த வேண்டும். சக்தி வாய்ந்த கருவியாலும் பயன் கிடைக்காத அளவுக்குக் குறைபாடு இருந்தால், அறுவை சிகிச்சை மூலம் பொருத்தி, செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரையாடலைக் காப்பது தூரமும் வெளிச்சமும்தான். திறந்த வெளியில் இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நெருங்கினாலே ஒலி சுமார் 6 டெசிபல் கூடுகிறது. பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழும்படி அமர்வது அதைவிட முக்கியம். உதட்டசைவை மட்டும் பார்த்தால் பணமும் மணமும் ஒன்றாகவே தெரியும், ஆனால் ம என்ற மெல்லினத்தின் ஒலி பெரும்பாலும் காதுக்கு எட்டிவிடும். காதை மட்டும் நம்பினால் பட்டும் கட்டும் குழம்பும், ஆனால் உதடு மூடித் திறப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது.

வீட்டார் கத்திப் பேசுவதால் நன்மை இல்லை. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு உரத்த ஒலி வலியாக இருப்பது இந்தக் குறைபாட்டின் இயல்பு. சற்று நிதானமாக, பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்த பின் பேச வேண்டும். புரியாதபோது அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும். "ஒன்றுமில்லை, விடு" என்ற பதிலைப் போல மனத்தைப் புண்படுத்துவது வேறில்லை. கேட்பவரும் வெறுமனே "என்ன?" என்று கேட்காமல், "நாளை எத்தனை மணிக்கு என்று சொன்னாய்?" என்று விடுபட்ட பகுதியை மட்டும் கேட்டால், மறுமொழி எளிதாகும். புரியாமலே தலையாட்டும் பழக்கத்தை, குறிப்பாக மருத்துவர் மருந்தளவு சொல்லும் இடத்தில், கட்டாயம் விட வேண்டும். எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் குறைவு ஏதும் இல்லை. நாள் முழுவதும் உற்றுக் கேட்பது மூளைக்குக் கடும் உழைப்பு என்பதால், மாலையில் அவர் தனித்து அமர விரும்பினால் அதைக் கோபமாகக் கொள்ள வேண்டாம்.

உறங்கும்போது கருவியைக் கழற்றிவிடுவோம் என்பதை நினைவில் வைத்து, தலையணைக்கு அடியில் அதிரும் கடிகாரத்தையும், ஒளிரும் அழைப்பு மணியையும், ஒளியாலோ அதிர்வாலோ எச்சரிக்கும் புகை உணர்கருவியையும் முன்கூட்டியே பொருத்திவிட வேண்டும்.