ரியாக்டர் கணக்கு: சால்வரைத் திட்டுவதற்கு முன்

கேட்டலிஸ்ட் (வினையூக்கி) வைத்த ரியாக்டரின் வினைவேகச் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது விடை இடித்தால், எல்லோரும் முதலில் சால்வரை, அதாவது சமன்பாட்டைத் தீர்க்கும் கணினி நிரலைத்தான் சந்தேகப்படுவார்கள். அது பாவம், கொடுத்த எண்ணை வைத்து ஒழுங்காகத்தான் கணக்குப் போடுகிறது. கோளாறு பெரும்பாலும் நாம் கொடுத்த எண்ணில்தான்.

மதுரையில், மே மாதத்தில், ஏசி இல்லாத லேபில் செய்யும் பரிசோதனையையே பாருங்கள். அறைக்குள் 40 டிகிரி. வாயு ஓட்டத்தைச் சோப்புக் குமிழி மீட்டரில் அளந்து, வழக்கம்போல 25 டிகிரி என்று வைத்து மோலாக மாற்றினால் 5 சதவீதம் கூடுதலாக வரும். அத்தோடு முடியாது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு வரும் வாயு நீராவியையும் சுமந்து வரும். 40 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் சுமார் 7.4 கிலோபாஸ்கல், கொள்ளளவில் ஏறக்குறைய 7 சதவீதம். இரண்டும் சேர்ந்து வேக மாறிலியை (வினை எவ்வளவு வேகம் என்று சொல்லும் எண்ணை) 12, 13 சதவீதம் ஏற்றிக் காட்டும். மார்கழியில் அதே பரிசோதனையைச் செய்தால் மாறிலி இறங்கும். உடனே 'கேட்டலிஸ்ட் செத்துவிட்டது' என்று ரிப்போர்ட் தயாராகிவிடும்! கொடைக்கானலில் செய்தால் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அறை வெப்பநிலையையும் பாரோமீட்டரையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையோடு வேக மாறிலி எப்படி மாறும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் கெல்வினுக்குப் பதில் செல்சியஸ் போட்டால் வினையே நடக்காது, அதனால் உடனே மாட்டிவிடும். கேட்டலிஸ்ட் எடைக்கு உரிய வேகத்தை ரியாக்டர் கொள்ளளவோடு பெருக்குவதுதான் ஆபத்து. கிராஃப் அழகாகவே வரும், தப்பு வெளியே தெரியாது.

சரி, சால்வர் மேல் தப்பே இல்லையா? உண்டு, ஆனால் தேர்ந்தெடுத்தது நாம்தான். கேட்டலிஸ்ட் பரப்பில் நடக்கும் படிகளில் சில கண்சிமிட்டும் நேரத்தில் முடியும், சில நிமிடக்கணக்கில் இழுக்கும். இப்படிப்பட்ட 'ஸ்டிஃப்' சமன்பாடுகளில் ஆர்கே45 என்ற வழக்கமான சால்வர் சின்னச் சின்ன அடியாக வைத்து நகராமல் திணறும். இவற்றுக்கென்றே உள்ள சால்வர்களை, பைத்தானில் பிடிஎஃப் அல்லது ராடாவ், மேட்லேப்பில் ஓடிஇ15எஸ், பயன்படுத்துங்கள். டாலரன்ஸையும் (சால்வர் அனுமதிக்கும் பிழை அளவையும்) பாருங்கள்: தானாக வரும் 10⁻⁶ அளவுக்கு முன்னால், 10⁻⁸ அளவே இருக்கும் இடைநிலைப் பொருள் காணாமல் போகும், சில நேரம் மைனஸிலும் போய் நிற்கும். மைனஸை வெட்டிப் பூஜ்யமாக்குவது நோயை மறைக்கும் வேலை.

பரிசோதனை எண்களுக்கு மாறிலிகளைப் பொருத்தும்போது, அர்ரீனியஸ் சமன்பாட்டில் வரும் இரண்டு எண்களான அதிர்வெண் காரணியையும் கிளர்வு ஆற்றலையும் நேரடியாகத் தேடாதீர்கள். ஒன்று ஏறினால் மற்றதும் சேர்ந்து ஏறி ஈடுகட்டிவிடும். பரிசோதனை வரம்பின் நடுவிலுள்ள வெப்பநிலையில் வேக மாறிலி எவ்வளவு என்று எழுதிப் பொருத்தினால் அந்தப் பிணைப்பு பெரும்பாலும் அவிழும்.

அப்புறம் இன்னொரு தப்பு, கேட்டலிஸ்ட் பொடியில் எடுத்த வேகத்தை 3 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு (அதே கேட்டலிஸ்டின் சிறு உருண்டைக்கு) அப்படியே போடுவது. துளைகளுக்குள் வாயு நுழைய நேரமெடுக்கும். பெல்லட்டைப் பாதியாக உடைத்து மறுபடி ஓட்டுங்கள். கிராமுக்கான வேகம் கூடினால், நீங்கள் அளந்தது வினையை மட்டும் அல்ல, வாயு உள்ளே நுழையும் தாமதத்தையும்தான்.