வயிற்றில் பக்லோபன் பம்ப்: வன்னியில் இருந்துகொண்டு அதைப் பராமரிப்பது எப்படி

முள்ளந்தண்டில் அடிபட்டுக் கால்கள் வெட்டி இழுப்பவர்களுக்கும், பெருமூளை வாதத்தால் உடல் விறைக்கும் பிள்ளைகளுக்கும் பக்லோபன் குளிசை பழகிய மருந்து. குளிசையைக் கூட்டக் கூட்டத் தூக்கமும் தலைச்சுற்றும் வருகின்றன, இறுக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது என்ற கட்டத்தில்தான் பம்ப் பற்றிய பேச்சு எழும். பம்ப் அதே மருந்தை முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரே விடுகிறது. அதனால் அளவு ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. நாளுக்கு 60, 80 மில்லிகிராம் குளிசை எடுத்தவருக்குச் சில நூறு மைக்ரோகிராம் போதுமானதாக இருக்கும்.

வன்னியில் இருப்பவர் இதில் அதிகம் கவனிக்க வேண்டியது, மருந்து திடீரென நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது. பம்ப்பை நிரப்பும் இடம் தூரத்தில் இருக்கும். மாரியில் பாதை மூடும். பக்லோபன் ஒரேயடியாக நின்றால் உயிருக்கே ஆபத்து. கீழே வரும் பல விடயங்கள் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

உள்ளே இருப்பது என்ன

பரவலாகப் பயன்படும் சின்க்ரோமெட் வகைப் பம்ப் டைட்டேனியத்தால் ஆன வட்டமான பெட்டி. குறுக்களவு ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர், தடிப்பு 2 முதல் இரண்டரை சென்ரிமீற்றர். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் தோலுக்குக் கீழே பை போல இடம் செய்து வைப்பார்கள். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலின் கீழாக இடுப்பைச் சுற்றி முள்ளந்தண்டுக்குள் போகும். மருந்து நிற்கும் அறை 20 அல்லது 40 மில்லிலீற்றர் கொள்ளும். பம்ப்பின் நடுவில் இறப்பர் மூடி இருக்கிறது, நிரப்பும் ஊசி அதனூடாக இறங்கும். பற்றரி உள்ளேயே இருப்பதால் சார்ஜ் போடும் வேலை இல்லை, கரண்ட் போனாலும் பம்ப்புக்கு ஒன்றும் ஆகாது. பழுதுபடுவது பெரும்பாலும் பம்ப் அல்ல, குழாய்தான்: மடியும், கழலும், இடம் நகரும், வெடிக்கும்.

வைக்க முன்

முதலில் பரிசோதனை ஊசி. முதுகில் 50 மைக்ரோகிராம் ஏற்றி, 4 முதல் 8 மணித்தியாலம் வரை பார்ப்பார்கள். போதாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு 75, பின்னர் 100. நூறுக்கும் அசையாத இறுக்கத்துக்குப் பம்ப் உதவாது.

இந்த நேரத்தில் வெறுமனே கால் இளகியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கால் விறைப்பை ஊன்றுகோலாக வைத்தே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுபவர்கள் பலர். அந்த விறைப்பு முழுவதும் போனால் முழங்கால் மடங்கி விழுவார்கள். எதற்காக இறுக்கம் குறைய வேண்டும் என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: இரவில் நித்திரை கொள்ளவா, சலம் எடுக்கும் கதீற்றர் குழாய் போடத் தொடையை விரிக்கவா, நாற்காலியில் நேரே இருக்கவா? அளவை முடிவுசெய்வது இந்தப் பதில்தான்.

உடம்பில் எறிகணை (செல்) துண்டு இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். குழாய் போகும் வழிக்கும், பின்னர் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் அது முக்கியம்.

சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வைக்க முன் இதைக் கேளுங்கள்: மருந்தை எங்கே நிரப்புவார்கள்? அந்த வைத்தியர் மாறிப்போனால் யார்? பம்ப்பைக் கட்டுப்படுத்தும் கருவி வேறு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? இரவில் எந்த இலக்கத்துக்குப் போன் எடுப்பது? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் பம்ப் வைப்பது நல்லதல்ல. இந்தியாவில் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

முதல் ஆறு கிழமை

குழாய் தசையோடு ஒட்டிப்பிடிக்க இவ்வளவு காலம் எடுக்கும். இடுப்பைத் திருப்பாமல், குனியாமல், கையை உயர்த்தி எட்டாமல் இருக்க வேண்டும். 2 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஆகவே கிணற்றில் வாளி இழுப்பது முற்றாக வேண்டாம். நாற்காலிக்கு மாறும்போது தானாக உந்தாமல் இருவர் பிடித்து, உடம்பை ஒரே பலகை போலத் திருப்புங்கள். வயிற்றுப் பட்டி தந்தால் சொன்ன நாள் வரை கட்டுங்கள்.

எழுந்திருந்தால் வெடிக்கிற மாதிரித் தலையிடி, படுத்தால் குறைகிறது என்றால் முள்ளந்தண்டு நீர் கசிகிறது. படுத்தபடியே போன் எடுத்துச் சொல்லுங்கள். காயம் சிவந்து சுடுவது, சீழ் வருவது, காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளம். பம்ப்பில் தொற்று ஏறினால் அதைக் கழற்ற நேரிடலாம். காயம் முழுதாக ஆறும் வரை குளத்திலும் வாய்க்காலிலும் இறங்க வேண்டாம், மூலிகை எண்ணெய் எதுவும் காயத்தில் பூச வேண்டாம்.

நாட்கணக்கு

இதை வீட்டில் ஒருவராவது கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிரப்பலின் பிறகும் அறிக்கை கேட்டு வாங்குங்கள். அதில் அறையின் கொள்ளளவு, மருந்தின் செறிவு, நாளுக்குரிய அளவு, குறைமருந்து அலாரம் அடிக்கும் திகதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம்: 20 மில்லிலீற்றர் பம்ப். மருந்து ஒரு மில்லிலீற்றருக்கு 2000 மைக்ரோகிராம். நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்றால் செலவு 0.2 மில்லிலீற்றர். 2 மில்லிலீற்றர் மிஞ்சும்போது அலாரம் அடிக்கும்படி வைத்திருந்தால், 18ஐ 0.2ஆல் பிரிக்க 90 நாள் வருகிறது. அதே ஆளுக்கு 500 மைக்ரோகிராம் செறிவு மருந்து போட்டால் 22 நாளிலேயே அலாரம். ஆகவே தூரத்திலிருந்து வருபவர் கூடிய செறிவு தனக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். 40 மில்லிலீற்றர் பம்ப்பில் கணக்கு 190 நாள் காட்டும். ஆனால் பம்ப்புக்குள் மருந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடியதல்ல, 180 நாளுக்கு முன் மாற்ற வேண்டும்.

அலாரம் அடித்த பிறகும் 10 நாள் இருக்கிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். மிச்சம் ஒரு மில்லிலீற்றருக்குக் கீழே போனால் ஓட்டம் ஒழுங்காக இராது.

இப்போது இதை வன்னியின் காலநிலையோடு பொருத்துங்கள். செப்டெம்பர் 1இல் நிரப்பினால் மேலுள்ள ஆளுக்கு அலாரம் நவம்பர் 30இல். அது நடு மாரி. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை பாதைகள் நீருக்குள் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோ மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதியோ மறித்தால் ஏ9க்கு வரவே முடியாது. கோடையில் அலாரத் திகதிக்கு இரண்டு கிழமை முன்னரும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மூன்று கிழமை முன்னரும் நிரப்பும் நாளைக் கேட்டு எடுங்கள். முன்கூட்டி நிரப்பினால் பழைய மருந்தில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான்.

புறப்பட முன் போன் எடுத்து மருந்து வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பம்ப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட, பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத மருந்து அது. எல்லா மருந்தகத்திலும் இராது, வேறு ஊசி மருந்து எதுவும் அதற்குப் பதிலாகாது.

நிரப்பும் நாள்

தோலைச் சுத்தப்படுத்தி, ஊசியை இறப்பர் மூடியூடாக இறக்கி, முதலில் பழைய மருந்தை வெளியே எடுப்பார்கள். அப்போது வந்த அளவையும் கருவி காட்டும் அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததை விட நிறைய மிஞ்சியிருந்தால் மருந்து போகாமல் நின்றிருக்கிறது. குறைவாக இருந்தால் கூடுதலாகப் போயிருக்கலாம். இந்த இரண்டு எண்களும் பழுதை முதலில் காட்டும்.

செறிவு மாறுகிறதா என்றும் கேளுங்கள். மாறினால் குழாய்க்குள் நிற்கும் பழைய மருந்துக்கு ஏற்பக் கருவியில் தனிக் கணக்குப் போட வேண்டும். அங்கேதான் பிழை நடக்க இடமுண்டு.

அரிதாக, ஊசி மூடியைத் தவறவிட்டு மருந்து பம்ப்பைச் சுற்றியுள்ள தோலடியில் இறங்கிவிடும். அப்படியானால் அது உடம்புக்குள் ஊறி அளவு மீறும். நிரப்பும்போது எரிவோ வீக்கமோ இருந்தால் உடனே சொல்லுங்கள். முடிந்தவுடன் பஸ் ஏறாமல் ஒரு மணித்தியாலமாவது அங்கேயே இருந்து, துணையோடு திரும்புங்கள்.

அன்றைக்கே அலாரத்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றை ஒலி இடைவிட்டுக் கேட்டால் மருந்து குறைகிறது அல்லது பற்றரி முடியப்போகிறது, அடுத்த நாளே ஒழுங்குசெய்யலாம். இரட்டை ஒலி அடிக்கடி கேட்டால் பம்ப் நின்றிருக்கலாம், அந்த நேரமே புறப்பட வேண்டும். ஒலி மெல்லியது. மின்விசிறிச் சத்தத்தில் கேட்காது, ஆகவே சந்தேகம் வந்தால் வீட்டில் ஒருவர் வயிற்றில் காது வைத்து ஒரு மணித்தியாலம் வரை கேட்டுப் பார்க்கட்டும். குழாய் கழன்றால் அலாரம் அடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மருந்து நின்றுவிட்டால்

சில மணித்தியாலத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தெரியவரும். முதலில் உடம்பு முழுக்கச் சொறி. அதோடு பழைய இறுக்கம் திரும்பி, முன்னரை விட மோசமாகும். பிறகு கடும் காய்ச்சல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம், வலிப்பு. தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும் வரை போகக்கூடும்.

இந்த ஊர் வெயிலில் சொறியை வேர்க்குரு என்றும், மாரிக் காய்ச்சலை டெங்கு என்றும் நினைத்து இரண்டு நாள் வீட்டில் இருந்துவிடுவது எளிது. வேர்க்குருவில் தோலில் பருக்கள் தெரியும். மருந்து நின்ற சொறியில் பெரும்பாலும் தோல் சும்மாவே இருக்கும். பருவில்லாத சொறியும் கூடும் இறுக்கமும் ஒன்றாக வந்தால் காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆஸ்பத்திரி வாசலில் இப்படிச் சொல்லுங்கள்: “இவருக்கு வயிற்றில பக்லோபன் பம்ப் இருக்கு டொக்டர். மருந்து நின்றிருக்கலாம். பம்ப் வைத்த வைத்தியரோட கதையுங்கோ, இதுதான் நம்பர்.”

வைத்தியர் முன்கூட்டியே எழுதித் தந்த அளவில் பக்லோபன் குளிசையை வீட்டில் வைத்திருங்கள். ஆள் விழிப்பாக இருந்து விழுங்கக் கூடியவராக இருந்தால் புறப்படும் முன் அந்த அளவைக் கொடுக்கலாம். அது நேரம் வாங்கித் தரும், ஆனால் பம்ப் ஓட்டத்துக்கு ஈடாகாது. சற்றுக் குறைந்தாலும் பயணத்தை நிறுத்தக் கூடாது. குளிசையின் காலாவதித் திகதியை ஒவ்வொரு நிரப்பலின்போதும் பாருங்கள்.

அளவு கூடினால் எல்லாம் எதிர்மாறு: உடல் துவண்டுபோகும், பேச்சுக் குழறும், தட்டினாலும் எழும்பாத தூக்கம், மூச்சு மெதுவாகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயால் எதுவும் கொடுக்காமல், அதே 1990. கள்ளு, சாராயம், தூக்கக் குளிசை, ட்ரமடோல் என்ற வலி மருந்து, சளிக்குக் கொடுக்கும் தூக்கம் தரும் மருந்துகள் எல்லாம் பக்லோபனோடு சேர்ந்து மயக்கத்தைக் கூட்டும்.

இறுக்கம் கூடினால் முதலில் உடம்பைப் பாருங்கள்

பம்ப் ஒழுங்காக ஓடும்போதும் இறுக்கம் கூடலாம். சொறி, காய்ச்சல், அலாரம் எதுவும் இல்லையென்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: கதீற்றர் மடிந்து சலம் கட்டியதா, சலம் கலங்கி மணக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், பிட்டத்திலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் உண்டா, கால்விரல் நகம் சதைக்குள் வளர்ந்ததா, சப்பாத்துக்குள் கல் கிடக்கிறதா. உணர்வில்லாத உடம்பு வலியைச் சொல்லும் வழி இந்த இறுக்கம்தான். இதைச் சரிசெய்யாமல் பம்ப்பில் அளவைக் கூட்டச் சொல்வது பிழை.

நெஞ்சளவிலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு, குறிப்பாக ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ என்றால், இதே காரணங்களால் திடீரென இரத்த அழுத்தம் எகிறும். இடித்துக்கொண்டு தலையிடி வரும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே நேரே இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, கதீற்றரைச் சரிபாருங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரி.

அன்றாடம்

சாரக்கட்டு, பாவாடை நாடா, இடுப்புப் பட்டி எதுவும் பம்ப் மேட்டின் விளிம்பில் அழுத்தக் கூடாது. பம்ப் இருக்கும் பக்கத்தை விட்டு மற்றப் பக்கம் முடியுங்கள். குளிக்கும்போது அந்த இடத்தின் தோலைப் பார்ப்பது பழக்கமாகட்டும். தோல் மெலிந்து பளபளத்தாலோ நிறம் மாறினாலோ பொறுக்காதீர்கள். விரலால் பம்ப்பை உருட்டிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரும், தடுத்துவிடுங்கள். கவிழ்ந்த பம்ப்பில் ஊசி இறங்காது, குழாயும் முறுகும்.

வயிற்றிலும் குழாய் போகும் இடுப்புப் பக்கத்திலும் எண்ணெய் போட்டு நீவுவதும் சுடு ஒத்தடமும் வேண்டாம். கால் கைக்குச் செய்யலாம். பிசியோதெரபியில் மின்சூடு கொடுக்கும் டயதெர்மி கூடாது, அதைச் செய்பவரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் சி.ரி. ஸ்கானும் பிரச்சினையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பம்ப் நின்று பிறகு தானாக ஓடத் தொடங்கும். உண்மையில் ஓடத் தொடங்கியதா என்பதைக் கருவி வைத்தே உறுதிசெய்ய வேண்டும், எனவே பம்ப் வைத்தவர்களிடம் கேட்காமல் அந்த மேசையில் ஏற வேண்டாம்.

பம்ப் விபரம் உள்ள அடையாள அட்டையின் (பம்ப் அட்டையின்) பிரதியைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி நாற்காலிப் பையில் ஒன்று, துணைக்கு வருபவரிடம் ஒன்று வைத்திருங்கள். அவசரத்தில் வவுனியா தாண்டி அநுராதபுரம் கொண்டுபோனால் அது பேசும். விமான நிலையத்திலும் அதையே காட்டலாம்.

பற்றரி முடியும்போது

பெரும்பாலும் 4 முதல் 7 ஆண்டில் பம்ப்பை முழுதாக மாற்ற வேண்டும். பற்றரியை மட்டும் மாற்ற முடியாது. முடிவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்னர் பம்ப் ஒலி எழுப்பும், ஆனால் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுக்கவும் புதிய பம்ப் தருவிக்கவும் அதற்கு மேல் செல்லலாம். வைத்து மூன்றாம் ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு நிரப்பலிலும் மிச்ச ஆயுளைக் கேட்டு அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். 12 மாதம் என்று வந்தவுடன் பணமும் நாளும் தேடத் தொடங்கலாம்.

வீட்டில் பேசத் தயங்குகிற ஒன்றும் உண்டு. பம்ப்போடு ஒருவர் இறந்தால் தகனத்துக்கு முன் அதை எடுத்தே ஆக வேண்டும், நெருப்பில் வெடிக்கும். இந்த வரியையும் பம்ப் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.