ஏஃபெக்ஸ் ட்வினைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

ஏஃபெக்ஸ் ட்வின் என்ற எலக்ட்ரானிக் இசைக்கலைஞரின் பெயரை இணையத்தில் தேடினால், விகாரமாகச் சிரிக்கும் ஒரு முகம் வந்து நிற்கும். கூடவே 1997-இல் வெளியான 'கம் டு டாடி' என்ற பாட்டு. ஒரே அலறலும் இரைச்சலும். பலர் அத்தோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. இவ்வளவு மென்மையான மெட்டுகளை எலக்ட்ரானிக் இசையில் கட்டியவர்கள் மிகச் சிலரே.

இயற்பெயர் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ். 1971-இல் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் வளர்ந்தவர். டெக்னோ, ஆம்பியன்ட், ஆசிட், டிரம் அண்ட் பேஸ், தனிப் பியானோ என்று வகை விட்டு வகை தாவிக்கொண்டே இருப்பார். அந்த வகைப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் மெட்டைப் பிடித்துக்கொள்ளப் பழகினால் போதும். ஒரு நல்ல ஹெட்ஃபோன் மட்டும் கட்டாயம் வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி ஒலிகள் காணாமல் போய்விடும்.

படி 1: பியானோ

2001-இல் வந்த 'டிரக்ஸ்' (Drukqs) ஆல்பத்தில் 'அவ்ரில் 14' என்ற இசைத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்தான். வாசிப்பது டிஸ்க்ளேவியர், அதாவது கணினியின் கட்டளைப்படி கட்டைகள் தாமாக இறங்கி எழும் உண்மையான பியானோ. முதல் முறை மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள். சுரங்களுக்கு நடுவே மரமும் கம்பளித் துணியும் மோதுவது போல மெல்லிய 'டொக் டொக்' கேட்கும். அது பியானோவின் உள்ளுறுப்புகள் அசையும் சத்தம். ஒலிப்பதிவாளர்கள் வழக்கமாக மறைக்கப் பார்க்கும் அதை இவர் அப்படியே விட்டிருக்கிறார். விரல் படாத அந்தப் பியானோவுக்கு உயிர் வருவதே அந்தச் சத்தத்தால்தான் என்பேன்.

முப்பது துண்டுகள் கொண்ட அந்த ஆல்பத்தை முழுவதுமாகக் கேட்க இன்னும் நாள் இருக்கிறது. இப்போது வேண்டாம்.

படி 2: 1992

அடுத்து 'செலெக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92'. முதல் துண்டிலேயே மூடுபனிக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண்குரல் மிதக்கும். கேசட்டில் பதிவானவை என்பதால் ஒலியில் லேசான மங்கல் உண்டு. அதைக் குறையாக நினைக்காதீர்கள். வீட்டு வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

படி 3: வேகத்துக்குப் பழகுதல்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் போவோம். 1996-இல் வந்த 'ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் ஆல்பம்' என்பதிலிருந்து 'கேர்ள்/பாய் சாங்'. வயலின் குடும்ப ஒலிகள் அழகாக நடந்து வரும். திடீரென்று டிரம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல இறங்கும். காது டிரம்மின் பின்னால் ஓடப் பார்க்கும். விடாதீர்கள். தொடையில் மெதுவாகத் தாளம் போட்டபடி தந்தி ஒலிகளோடு மட்டும் நடந்து செல்லுங்கள். அடியில் இருப்பது ஒரு தாலாட்டின் நிதானம் என்பது புரியும்.

இது பழகியபின் மறுபடி கேளுங்கள், இம்முறை டிரம்மை மட்டும். ஓர் அடி நொறுங்கிப் பல துகள்களாகி, அந்தத் துகள்களின் நெருக்கமே ஒரு சுரமாக மாறும் இடங்கள் உண்டு. கையால் எவராலும் வாசிக்க முடியாத தாளம் இது. ஆனாலும் அதில் ஒரு குழந்தையின் துள்ளல் இருக்கிறது. எனக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆனது.

படி 4: பழைய இயந்திரங்கள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் டிபி-303 என்ற சிறு கருவியை, பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மாற்றாகக் கொண்டுவந்தது. அந்த வேலைக்கு அது எடுபடவில்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. மலிவாகக் கிடைத்த அதன் குமிழ்களைத் திருகி, சிகாகோ இளைஞர்கள் எடுத்த நெளியும் ஒலிதான் ஆசிட். ஜேம்ஸ் 2005-இல் 'அனலார்ட்' என்ற பெயரில் வெளியிட்ட 11 இசைத்தட்டுகளில் இந்தப் பழைய கருவிகளின் வாசனை நிறைய உண்டு. இரண்டு மூன்று துண்டுகள் கேட்டால் போதும்.

படி 5: இரவு

'செலெக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2', 1994. ஒன்றைத் தவிர எதற்கும் பெயர் கிடையாது. பெயருக்குப் பதில் படங்கள். விளக்கை அணைத்துவிட்டு மூன்றாவது துண்டைக் கேளுங்கள். தாளமே இல்லை. ஒரே மெட்டு ஏழு நிமிடங்களுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கனம் கூடும். பொறுமை கேட்கும் இசை. கொடுத்த பொறுமை வீண்போகாது.

படி 6: திரும்பிப் போங்கள்

இப்போது, முதலில் பயமுறுத்திய அதே 'கம் டு டாடி' தட்டை எடுங்கள். அலறல் பாட்டுக்கு அடுத்ததாக 'ஃபிளிம்' என்று ஒன்று இருக்கும். மூன்று நிமிடம்கூட இல்லை. படபடக்கும் டிரம்மும், அதன் மேல் மணியொலி போன்ற ஒரு சின்ன மெட்டும். கதவைச் சாத்திவிட்டுப் போனவர்கள் ஒரு பாட்டு தூரத்தில் இதைத் தவறவிட்டார்கள்.