பால்வாடி பிள்ளையப் பாத்து எழுதுறது எப்படி: ஒரு நோட்டு, மூணு பிள்ளைக, ஒரு மாசம்

ஆசிரியர் பயிற்சி முடிக்கப்போற தங்கச்சிகளும், புதுசா பால்வாடி வேலைக்குச் சேந்தவங்களும் எங்கிட்ட அடிக்கடி கேக்குறது இதான், "அக்கா, சின்னப் பிள்ளைக படிப்பு பத்தி செயலாராய்ச்சி பண்ணச் சொல்லிருக்காக, தலைப்பு ஒண்ணு குடுங்க". செயலாராய்ச்சின்னா நம்ம வகுப்புலயே பாத்து, ஒரு மாத்தம் பண்ணி, என்ன ஆச்சுன்னு எழுதுறது. நான் தலைப்பு தர்றதில்ல. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக்கங்க, மூணு பிள்ளையத் தேர்ந்தெடுங்க, ஒரு மாசம் பாருங்க, தலைப்பு அந்தப் பிள்ளைககிட்ட இருந்தே வந்துரும். ராமநாதபுரம் கடற்கரையில மண்டபம், பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் நாங்க செஞ்சத அப்படியே சொல்றேன், உங்க ஊருக்குத் தகுந்தாப்புல மாத்திக்கங்க.

பாத்து எழுதுறது என்ன பெரிய ஆராய்ச்சின்னு நினைச்சுராதீங்க. பிள்ளைக அறிவு எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்ச பியாஜே, பியாஜே பியாஜேன்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்றோமே, அவரு தன் சொந்தப் பிள்ளைக மூணு பேரையும் கைக்குழந்தையில இருந்து பக்கத்துலயே இருந்து பாத்து எழுதி வச்சதுல இருந்துதான் எவ்வளவோ வெளிய வந்துச்சு. மாண்டிசோரி அம்மா 1907ல ரோம்ல ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினப்பவும் அப்படித்தான், பிள்ளைக எந்தப் பொருள திரும்பத் திரும்ப எடுக்குதுன்னு பாத்துப் பாத்துதான் மத்ததெல்லாம் முடிவு பண்ணாங்க. அவங்களே 1939ல நம்ம அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி குடுத்துருக்காங்க. அதுனால அந்த நோட்ட மதிப்பாப் பிடிங்க.

மூணு பிள்ளைன்னு சொன்னேன்ல, நல்லாப் பாடுற ஆடுற மூணையே எடுத்துராதீங்க. ஒண்ணு வாயாடுற பிள்ளை, ஒண்ணு மூலையில உக்காந்து யார்கூடயும் சேராத பிள்ளை, இன்னொண்ணு வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வர்ற பிள்ளை, இப்படி எடுங்க. தொடங்குறதுக்கு முன்னாடி அந்தந்த வீட்டுக்கே போய் கேளுங்க, "உங்க பிள்ளை எப்படிக் கத்துக்குதுன்னு ஒரு மாசம் எழுதப்போறேன், சரியா"ன்னு. வேணாம்னு சொன்னா வேற பிள்ளை. நோட்டுல பிள்ளை பேர் எழுதக்கூடாது, நாங்க சங்கு, நண்டு, முரல்னுதான் பேர் வச்சோம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வைக்கிற பழக்கம் இருந்தா இந்த ஒரு மாசம் மட்டுமில்ல, எப்பவுமே விட்டுருங்க.

இப்ப எழுதுற விதம், இங்கதான் எல்லாரும் தடுமாறுறது. ஒரு நாளைக்கு பத்து நிமிசம், ஒரு பிள்ளை, அம்புட்டுத்தான். கண்ணால பாத்தது, காதால கேட்டது, இது ரெண்டு மட்டும் இடது பக்கம். உங்களுக்குத் தோணுனது வலது பக்கம். ரெண்டும் கலந்துருச்சுன்னா நோட்டு வீணாப்போச்சுன்னு அர்த்தம். நானே முதல் வருசம் ஒரு பையன பத்தி "கவனமில்ல, பாட்டு நேரத்துல ஜன்னல் பக்கம் போய்டுறான்"னு எழுதி வச்சேன், அத அவன் அம்மாகிட்டயும் குறையாச் சொல்லிட்டேன், இன்னைக்கும் அது மனசுல உறுத்துது. அப்புறம் ஒழுங்கா எழுத ஆரம்பிச்சப்ப வந்தது இது: "10.20. எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போனான். வெளிய இன்ஜின் சத்தம். கம்பியப் பிடிச்சு நின்னான். 'இது மாமா போட்டு' சொன்னான். உக்காந்தான். 10.26. திரும்ப சத்தம். திரும்ப எந்திரிச்சான். 'அப்பா போட்டு' சொல்லி கை தட்டுனான்." அஞ்சு வயசுகூட ஆகல, ரெண்டு படகு இன்ஜின் சத்தத்த காதுலயே பிரிச்சு அறியிறான், இத நான் கவனமில்லன்னு எழுதிருக்கேன். எழுத்தோட ஒலியப் பிரிச்சுக் கேக்குறதுக்கு அடிப்படையே இந்த மாதிரி காதுதானே. அடுத்த நாள்ல இருந்து பாட்டுக்கு முன்னாடி கண்ண மூடி என்னென்ன சத்தம் கேக்குதுன்னு சொல்ற விளையாட்டு வச்சோம், அவன்தான் முதல்ல சொல்லுவான்.

தேதி போடுற இடத்துக்குப் பக்கத்துல கடல் நிலவரம்னு ஒரு கட்டம் போடுங்க. இது எந்தப் பயிற்சிப் புத்தகத்துலயும் இருக்காது, ஆனா நம்ம கரையில இது இல்லாம எழுதுனா தப்பா முடிவு பண்ணிருவோம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்ல இருப்பாரு, கையில காசு இருக்காது, சில வீட்ல சந்தோசம் சில வீட்ல சண்டை. மத்த நாள்ல போட்டு விடியக்காலைல கரைக்கு வந்தா அம்மா ஏலத்துக்குப் போயிருவாக, பாட்டிதான் பிள்ளைய இழுத்துட்டு வரும், அது தூக்கம் கலையாம உக்காந்துருக்கும். கடல்பாசி எடுக்கப் போற அம்மாமார் பிள்ளைக வேற மாதிரி. புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்துன நாள் வேற. ஒரே பிள்ளை திங்கக்கிழமை ஒரு மாதிரி, வியாழக்கிழமை ஒரு மாதிரி இருக்கும், ஒரு நாள் பாத்துட்டு மந்தம்னு எழுதிருவோம். குறைஞ்சது ஆறு வேற வேற நாள் பாக்காம ஒரு பிள்ளையப் பத்தி எதுவும் சொல்லாதீங்க.

நேரம் எங்கக்கா இருக்கு, எடை போடணும், சத்துமாவு குடுக்கணும், போன்ல என்ட்ரி போடணும், பதிவேடு எழுதணும்னு சொல்லுவீங்க. நிஜம்தான், உங்க மேல தப்பே இல்ல, இத ஆராய்ச்சியே சொல்லிருச்சு. நம்ம தமிழ்நாட்டுலயே 640 அங்கன்வாடிய எடுத்து, பாதி மையத்துல படிப்பு சொல்லிக்குடுக்க மட்டும் கூடுதலா ஒரு பகுதிநேர ஆள் போட்டுப் பாத்தாங்க, கார்த்திக் முரளிதரன், கானிமியான், வால்டர்ஸ் மூணு பேர் செஞ்ச ஆய்வு. படிப்புக்குக் கிடைச்ச நேரம் ரெண்டு மடங்காச்சு, ஒன்றரை வருசத்துல கணக்கு மொழி ரெண்டுலயும் பிள்ளைக நல்லா முன்னேறுனாங்க, அதோட பழைய டீச்சருக்குக் கொஞ்சம் கை ஓஞ்சதுல கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைஞ்சுருச்சு. ஆக ஒரே ஆள எல்லாத்துக்கும் இழுத்தா எதுவும் நடக்காதுன்னு தெளிவாத் தெரியுது. அந்தக் கூடுதல் ஆள் நமக்கு வர்ற வரைக்கும் பத்து நிமிசத்துக்கு ஆயாம்மாகிட்ட பிள்ளைகள விட்டுட்டு உக்காருங்க, அவங்களுக்கும் என்ன எழுதுறீங்கன்னு வாசிச்சுக் காட்டுங்க, நான் பாக்காதத அவங்க பாத்துருப்பாங்க.

இனி எண்ணுறதுக்கு வருவோம். ஒண்ணுல இருந்து இருபது வரை சொல்ற பிள்ளைய எல்லாரும் கைதட்டிப் பாராட்டுவோம். அது எண்ணத் தெரிஞ்சதா இல்ல பாட்டு மாதிரி ஒப்பிக்குதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, கேரன் வின்ங்குற ஆராய்ச்சியாளர் 1990 வாக்குல செஞ்சு காட்டுனது, ரொம்ப எளிசு. பிள்ளை முன்னாடி ஒரு ஓலைக் கொட்டான்ல பத்துப் பதினஞ்சு பெரிய சிப்பி வைங்க. (சின்னச் சிப்பி வேண்டவே வேண்டாம், வாய்ல மூக்குல போட்டுரும், மூணு வயசுக்குக் கீழ இருந்தா சிப்பியே வேண்டாம்.) "எனக்கு ஒண்ணு குடு" கேளுங்க. அப்புறம் "ரெண்டு குடு". அப்புறம் மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு மூணு தடவ மாத்தி மாத்திக் கேளுங்க. குடுத்ததும் சரி தப்புன்னு முகத்துல காட்டக்கூடாது, நன்றி சொல்லி வாங்கிக்கணும்.

நாங்க சங்குன்னு பேர் வச்ச நாலு வயசுப் பொண்ணு இருந்துச்சு, பத்து வரைக்கும் மூச்சு விடாம சொல்லும். ஒண்ணு கேட்டேன், ஒண்ணு குடுத்துச்சு. ரெண்டு கேட்டேன், எடுத்து உள்ளங்கையில ஒண்ணு ஒண்ணா வச்சுச்சு. மூணு கேட்டேன், ரெண்டு கையாலயும் அள்ளி மடியில கொட்டிருச்சு. அஞ்சு கேட்டேன், அதே அள்ளல். ஆக அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வரைக்கும்தான் எண் தெரியும், மிச்சமெல்லாம் வாய்ப்பாட்டு. பிள்ளைக இப்படித்தான் போகும்னு ஆராய்ச்சி சொல்லுது, முதல்ல ஒண்ணு மட்டும், பல மாசம் கழிச்சு ரெண்டு, அப்புறம் மூணு, ஒரு கட்டத்துல திடீர்னு எண்ணுறதோட சூட்சுமம் பிடிபட்டு எத்தனை கேட்டாலும் எண்ணிக் குடுக்கும். இந்தப் பொண்ணுக்கு இருபத்தொண்ணு இருபத்திரெண்டுன்னு சொல்லிக் குடுக்குறதுல என்ன இருக்கு? அதுக்கு மூணுதான் பாடம், மூணு தட்டு, மூணு செருப்பு, மூணு காக்கா. நோட்டுல "பத்து வரை தெரியும்"னு எழுதாம "ரெண்டு குடுக்கும், மூணு கேட்டா அள்ளும்"னு எழுதுங்க, அடுத்து என்ன செய்யணும்னு அந்த வரியே சொல்லிரும்.

பேச்ச கவனிக்கும்போது சார்ட்ட மட்டும் நம்பாதீங்க. ஒரு பயிற்சிப் பொண்ணு படத்தக் காட்டி "இது என்ன"ன்னு கேட்டுச்சு, பிள்ளை "ஆணம்"னு சொல்லுச்சு, இவ தப்புன்னு குறிச்சுட்டா, ஏன்னா படத்துக்குக் கீழ குழம்புன்னு போட்டுருக்கு. அந்தப் பிள்ளை வீட்ல அது ஆணம்தான், அப்பாவுக்கு வாப்பாதான். வீட்டுச் சொல்ல முதல்ல வாங்கிக்கங்க, "ஆமா ஆணம், இத குழம்புன்னும் சொல்லுவாங்க"ன்னு பக்கத்துல வைங்க, ரெண்டு சொல்லும் பிள்ளைக்குச் சொந்தமாயிரும். தப்புன்னு சொன்னா அன்னைக்கே வாய மூடிக்கும். ஸ்கோர் போடணும்னா பனி பேயுற படத்த தூக்கி வச்சுட்டு கணவாய், நண்டு, நுங்கு, வல்லம், வலை இதையெல்லாம் வச்சுக் கேளுங்க, ஊமைன்னு நீங்க நினைச்ச பிள்ளை பேசும்.

உங்களையும் ஒரு நாள் அளந்து பாருங்க. போன்ல வாய்ஸ் ரெக்கார்ட போட்டு சட்டப்பைலயோ மேசைலயோ வச்சுட்டு பத்து நிமிசம் கதை சொல்லுங்க, ராத்திரி தனியா கேளுங்க, கேட்டுட்டு அழிச்சுருங்க. நீங்க கேட்ட கேள்வி எத்தனை, பிள்ளை சொன்னது எத்தனை சொல்லு, கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க. மேரி பட் ரோன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல தொடக்கப்பள்ளி வகுப்புகள்ல 1970கள்ல இதத்தான் பாத்தாங்க, டீச்சர்மார் கேட்டுட்டு ஒரு நொடிதான் பொறுக்குறாங்க, அத மூணு நொடியாக்குனாலே பிள்ளைக நீளமா பதில் சொல்லுது, பேசாத பிள்ளையும் பேசுது. என் ரெக்கார்ட கேட்டப்ப நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிருந்தேன். இப்ப கேட்டுட்டு மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவேன், பழகுறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

பயிற்சி குடுக்குறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பேர ஒரே பிள்ளைய ஒரே நேரத்துல பாக்க விடுங்க, பேசிக்காம எழுதட்டும், அப்புறம் ரெண்டு நோட்டையும் பக்கத்துல வைங்க. ஒருத்தி "தள்ளிவிட்டான்"னு எழுதிருப்பா, இன்னொருத்தி "தோள்ல கை வச்சான், அவன் விழுந்துட்டான்"னு எழுதிருப்பா. அந்த அரைமணி நேரப் பேச்சுல அவங்க கத்துக்குறத எந்தப் பாடமும் தராது. கையெழுத்துக்கும் கலர் பேனா கோட்டுக்கும் மார்க் போடுறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, அழகா இருக்கணும்னு வீட்ல உக்காந்து கற்பனையா எழுதிட்டு வந்துருறாங்க.

மூணாவது வாரம் ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ங்குற நம்ம அங்கன்வாடி பாடத்திட்டத்துல இருக்குற ஏதாவது ஒரு செயல்பாட்ட எடுத்து உங்க பிள்ளைக்குத் தகுந்தாப்புல திருப்புங்க. இப்ப நோட்டுல ரெண்டு கட்டம்: தானாச் செஞ்சது, கை குடுத்தாச் செஞ்சது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்குற இடத்தத்தான், அங்கதான் நம்ம வேலை. ரெண்டுலயும் வராததுக்கு இன்னும் காலம் இருக்கு, பிள்ளைய நெருக்காதீங்க. ஒரே வாரத்துல நாலு மாத்தம் பண்ணா எதுனால பிள்ளை மாறுச்சுன்னே சொல்ல முடியாது.

மாசக் கடைசில நோட்ட எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுங்க, இத மட்டும் விட்டுறாதீங்க. சங்கோட அம்மா கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருந்தாக, நான் "மூணு கேட்டா அள்ளிருதும்மா"ன்னு வாசிச்சேன். "இல்லையே டீச்சர், நான் சூடை மீன கூறு வைக்கயில பக்கத்துல உக்காந்து மூணு மூணாத்தான வைக்கிறா, ஒண்ணுகூட தப்பாதே"ன்னாக. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல. அப்புறம் அங்கேயே மணல்ல உக்காந்து பாத்தேன். அம்மா வச்ச கூறப் பாத்து அதே மாதிரி வைக்கிது, கண்ணுக்கு மூணு தெரியுது, மூணுங்குற சொல்லோட அது இன்னும் சேரல. அவ்வளவுதான் இடைவெளி. அம்மாகிட்ட சொன்னேன், கூறு வைக்கும்போது "இது மூணு, இதுவும் மூணு"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்கன்னு. அன்னைக்கு தேதி போட்டு, கடல் நிலவரம் கட்டத்துல வாடைக்காத்துன்னு எழுதி, இடது பக்கம் இடம் பத்தாம நோட்டோட பின்னட்டையிலயும் எழுதிட்டு வந்தேன், அடுத்த மாசத்துக்கு சிப்பிக்குப் பதிலா சூடைதான்.